முதன்முறை முழு வான்கோழி: கொழும்புக் குசினிக்கு ஒரு வழிகாட்டி

டிசம்பர் பிறந்ததும் கொழும்பு சுப்பர் மார்க்கெட்டுகளின் பிரீசரில் வான்கோழி வந்துவிடும். கோழி ரோஸ்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு செய்பவர்கள்கூட அந்த உருண்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, விலையையும் பார்த்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டுப் போவார்கள். செய்யத் தெரியாது என்பதைவிட, இவ்வளவு காசைக் கொட்டிக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம்தான் காரணம்.

அப்படிப் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இதைப் பெரிய கோழி என்று நினைத்துத் தொடங்கக்கூடாது. கோழிக்குக் காலையில் தூள் பிரட்டி வைத்து மத்தியானம் ஓவனில் போடலாம். வான்கோழிக்கு வேலை நான்கைந்து நாள் முன்னாலேயே ஆரம்பிக்கிறது. நெஞ்சு இறைச்சி தடிப்பு, கொழுப்பே இல்லை. மேலே எவ்வளவு மசாலா அப்பினாலும் அது தோலோடு நின்றுவிடும். உள்ளே போய்ச் சேருவது உப்பு மட்டும்தான், அதற்கும் நேரம் வேண்டும். அந்த நேரம் முழுவதும் பறவை குளிரிலேயே இருக்க வேண்டும். அமெரிக்காக்காரர்களின் வீடியோக்களில் நவம்பர் குளிரும் பெட்டகம் போன்ற ஓவனும் இருக்கும். நம் குசினியில் கிறிஸ்துமஸ் அன்றும் 30 பாகை வெயில். ஆகவே இந்தக் கட்டுரையில் மசாலாவைவிட உப்பைப் பற்றியும் பிரிட்ஜைப் பற்றியும்தான் அதிகம் வரும்.

வாங்குவதற்கு முன் ஓவனை அளந்து பாருங்கள்

ஆளுக்கு அரைக் கிலோ என்று கணக்கு வைத்தால் போதும், எலும்பும் சேர்த்துத்தான். ஐந்து கிலோ வான்கோழி எட்டு முதல் பத்துப் பேருக்குத் தாராளம். அதற்கு மேல் போகாதீர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பிளட்களில் மேசைமேல் வைக்கும் ஓவன்தான் பெரும்பாலும் இருக்கிறது. அதில் ஏழு கிலோ பறவையை நுழைக்க முடிந்தாலும் தோல் மேல் கம்பியில் முட்டிக் கருகும். தட்டை ஓவனுக்குள் அடித் தட்டில் வைத்து, அதிலிருந்து மேல் கம்பி வரை எத்தனை அங்குலம் என்று அளந்துகொள்ளுங்கள். பறவைக்கு மேலே குறைந்தது இரண்டு அங்குலம் வெற்றிடம் வேண்டும். அளவு நாடாவைக் கடைக்கே கொண்டுபோனாலும் வெட்கமில்லை. இருபது பேருக்குச் சமைக்க வேண்டுமென்றால் ஒரு வான்கோழியும் இரண்டு கோழியும் வாங்குவது புத்திசாலித்தனம்.

ஓவன் சிறிது, உயரம் போதவில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. முதுகெலும்பை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துவிட்டு, பறவையை விரித்து நெஞ்சை அழுத்தித் தட்டையாக்கிவிடலாம். வீட்டுக் கத்தரிக்கோலால் இதைச் செய்யப் போய்க் கையை வெட்டிக்கொள்ள வேண்டாம். ஐஸ் இல்லாத பறவையாக இருந்தால் இறைச்சிக் கடையில், "அண்ணே, முதுகை எடுத்து விரிச்சுத் தாங்கோ" என்று கேட்டால் அரை நிமிட வேலை. முதுகெலும்பைத் தூக்கிப் போடாமல் கேட்டு வாங்கி வாருங்கள், கிரேவிக்கு உதவும். விரித்த பறவை முழுப் பறவையைவிடக் கெதியாக வேகும். மேசையில் வைக்கும்போது படத்தில் வரும் அழகு இருக்காது, அவ்வளவுதான்.

லேபிளை ஒருமுறை வடிவாக வாசியுங்கள். இறக்குமதியான சில வான்கோழிகளில் தொழிற்சாலையிலேயே உப்புத் தண்ணீர் ஏற்றியிருப்பார்கள். உள்ளடக்கத்தில் வான்கோழியோடு தண்ணீர், உப்பு என்றும் இருந்தால் அது அந்த ரகம். அதற்குக் கீழே நான் சொல்லும் உப்பில் பாதிகூட வேண்டாம். வருபவர்களில் முஸ்லிம் நண்பர்கள் இருந்தால் ஹலால் முத்திரையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டோடு வளர்ப்பவர்களிடம் சொல்லிவைத்து நாட்டு வான்கோழி எடுப்பவர்களும் உண்டு. ருசி நல்லது. ஆனால் இறைச்சி இறுக்கம், நெஞ்சும் சிறிது; முதல் தடவைக்கு நான் பிரீசர் பறவையைத்தான் சொல்லுவேன்.

ஐஸ் கரைய மூன்று நாள்

பலருக்குச் சறுக்குகிற இடம் இதுதான். 24ஆம் திகதி காலை பிரீசரிலிருந்து எடுத்து சிங்க்கில் வைத்துவிட்டு, பின்னேரத்துக்குள் இளகிவிடும் என்று எதிர்பார்ப்பது. இளகாது. வெளி இறைச்சி நம் வெயிலில் வெதுவெதுப்பாகிக் கிருமி பெருகத் தொடங்கும்போது, நடுவயிறு கல்லாகவே இருக்கும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமிகளுக்குப் பிடித்தது. கொழும்புக் குசினி அந்த இடைவெளிக்குள் நன்றாக அடங்குகிறது.

சரியான இடம் பிரிட்ஜின் கீழ்த் தட்டு. இரண்டு, இரண்டரைக் கிலோவுக்கு ஒரு நாள் என்பது பொதுக் கணக்கு. பண்டிகை வாரத்தில் நம் பிரிட்ஜ் நிமிடத்துக்கொரு தரம் திறபடும், ஆகவே அரை நாள் கூட்டிக்கொள்ளுங்கள். ஐந்து கிலோவுக்கு மூன்று நாள் வைத்தால் நெருக்கடி இருக்காது. உறையைக் கழற்றாமல், விளிம்பு உயர்ந்த ஒரு தட்டில் வையுங்கள். கரையும் தண்ணீர் சிவப்பாக ஒழுகும்; அது கீழே இருக்கும் சலாட் இலையிலோ புடிங்கிலோ விழக்கூடாது.

பிரிட்ஜில் இடமே இல்லை என்பதுதான் அடுத்த பிரச்சினை. சோடாப் போத்தல்களை வெளியே எடுங்கள். மீன்காரரிடம் ஐஸ் வாங்கி ரெஜிபோம் பெட்டியில் போட்டால் அவை அங்கே குளிர்ந்துகொள்ளும். கிறிஸ்துமஸ் கேக்குக்குப் பிரிட்ஜ் தேவையே இல்லை, பழமும் பிராண்டியும் அதைப் பார்த்துக்கொள்ளும்.

நாள் தவறிப்போனால் தண்ணீர் வழி இருக்கிறது. உறை ஓட்டையில்லாமல் இருக்கிறதா என்று பார்த்து, பெரிய வாளியில் குளிர்ந்த தண்ணீருக்குள் முழுக்க அமிழ்த்துங்கள். அரை மணிக்கொரு தரம் தண்ணீரை மாற்ற வேண்டும். கிலோவுக்குச் சுமார் ஒரு மணி நேரம் பிடிக்கும். கொழும்புக் குழாய்த் தண்ணீர் டிசம்பரிலும் அவ்வளவு குளிராக வராது. ஒவ்வொரு முறையும் ஐஸ் கட்டி போட்டுக் குளிரவைக்க வேண்டியிருக்கும். இப்படிக் கரைத்ததை உடனே சமைத்துவிட வேண்டும், திரும்பப் பிரீசரில் போடக்கூடாது. சுடுதண்ணீர் மட்டும் வேண்டாம்.

நாட்கணக்கு இப்படி வரும். 25ஆம் திகதி மத்தியானச் சாப்பாடு என்றால் 20ஆம் திகதி இரவு பிரீசரிலிருந்து பிரிட்ஜுக்கு. 23 பின்னேரம் உப்பு. 24 இரவு பட்டர். 25 காலை ஓவன். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வந்து சாப்பிடும் வீடு என்றால் எல்லாவற்றையும் ஒரு நாள் முன்னே தள்ளிக்கொள்ளுங்கள்.

கழுவுவதா, வேண்டாமா

மஞ்சளும் தேசிக்காயும் போட்டு இறைச்சி கழுவாத வீடு நம்மிடையே குறைவு. "கழுவாமலா வச்சனீ பிள்ளை?" என்று ஒரு மாமியாவது கேட்பார். இருந்தாலும் இதைக் கழுவ வேண்டாம். சல்மொனெல்லா போன்ற கிருமிகள் தண்ணீரில் போகாது. கழுவும்போது தெறிக்கும் துளிகள் சிங்க், குழாய், பக்கத்தில் காயும் கோப்பை எல்லாவற்றிலும் போய் ஒட்டும். கிருமியைக் கொல்வது ஓவனின் சூடு. அதுபோக, நனைந்த தோல் மொறுமொறுப்பாகாது.

செய்ய வேண்டியது இதுதான். உறையைச் சிங்க்குக்குள் வைத்து வெட்டுங்கள். வயிற்றுக் குழிக்குள் கையை விட்டால் கழுத்தும், ஒரு சின்னப் பையில் ஈரல், இதயம், கற்குடல் துண்டுகளும் கிடைக்கும். சிலவற்றில் அந்தப் பை கழுத்துப் பக்கத் தோலுக்குள் ஒளிந்திருக்கும், இரண்டு முனையையும் பாருங்கள். பிளாஸ்டிக் பையோடு ஓவனுக்குப் போன வான்கோழிகள் உலகத்தில் ஏராளம். பிறகு குசினித் தாளால் உள்ளும் புறமும் ஒற்றி எடுங்கள். இறகுக் குருத்து நீட்டிக்கொண்டிருந்தால் புருவம் எடுக்கும் சாமணம் போதும், வேலை முடிந்ததும் அதைச் சுடுதண்ணீரில் போடுங்கள். சிங்க்கையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

உப்பு

பறவை கிலோவுக்கு 10 கிராம் தூள் உப்பு. ஐந்து கிலோவுக்கு 50 கிராம், அதாவது மேசைக்கரண்டியால் தட்டையாக மூன்றுக்குச் சற்றுக் குறைவு. கரண்டிக் கணக்கு உப்பின் பருமனைப் பொறுத்து மாறும். கேக் செய்யும் தராசு இருந்தால் நிறுத்துக்கொள்ளுங்கள். கல்லுப்பு என்றால் உரலில் இடித்துக்கொள்ளலாம். இதோடு புதிதாகப் பொடித்த மிளகு இரண்டு தேக்கரண்டி கலந்துகொள்ளுங்கள்.

முதலில் நெஞ்சுத் தோலை இறைச்சியிலிருந்து பிரிக்க வேண்டும். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், நகமும் நீளமாக இருக்கக்கூடாது. வயிற்றுக் குழிப் பக்கம் தோல் தொடங்கும் இடத்தில் இரண்டு விரலை இறைச்சியோடு ஒட்டி நுழைத்து, உள்ளங்கை மேலே பார்க்க மெல்ல முன்னே தள்ளுங்கள். மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒன்று விரல் பட்டதும் விடும். நெஞ்செலும்பின் நடுக்கோட்டில் மட்டும் தோல் இறுக்கமாக ஒட்டியிருக்கும், அவசரப்பட்டால் அங்கேதான் கிழியும். அந்த இடத்தில் தேக்கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்துத் தள்ளினால் பிரியும். நெஞ்சு முடிந்ததும் அதே வழியாகத் தொடைப் பக்கம் விரலைத் திருப்புங்கள். கிழிந்துபோனால் பரவாயில்லை, ஒரு பல்லுக்குச்சியால் தைத்துவிடலாம்.

உப்பில் பாதிக்கு மேல் இந்தத் தோலுக்குக் கீழே, நெஞ்சில் போக வேண்டும். அடுத்தது தொடைக்கு. ஒரு சிட்டிகை வயிற்றுக் குழிக்குள், மிச்சம் தோலுக்கு மேலே. உப்புக் கையை உயர்த்திப் பிடித்துத் தூவுங்கள், ஒரே இடத்தில் குவியாது. பிறகு மூடாமல், அதே தட்டில், பிரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு. பச்சை இறைச்சி திறந்திருக்கிறதே என்று தயங்க வேண்டாம். கீழே, எதன்மேலும் ஒழுகாமல், எதுவும் தொடாமல் இருந்தால் போதும்.

சில மணி நேரத்தில் தோல் வியர்த்ததுபோலத் தண்ணீர் விடும். உப்பு இழுத்த தண்ணீர் அது. அதிலேயே உப்புக் கரைந்து, அந்த உப்புத் தண்ணீர் திரும்ப இறைச்சிக்குள் இறங்கும். உள்ளே போன உப்புத் தசையைத் தளர்த்திவிடுவதால் வேகும்போது சாறு வெளியேறுவது குறையும். 24ஆம் திகதி இரவு பார்த்தால் தோல் காய்ந்து, இழுத்துப் பிடித்து, எண்ணெய்த் தாள் போல உள்ளிறைச்சி லேசாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் வேலை சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

வாளியில் உப்புத் தண்ணீர் கரைத்துப் பறவையை மூழ்க வைக்கும் முறையும் பிரபலம். அந்த வாளியை ஒரு நாள் முழுக்க 4 பாகைக்குள் வைத்திருக்க நம் வீடுகளில் வழியில்லை. ஐஸ் போட்டுக்கொண்டே இருந்தால் உப்பு நீர்த்துப்போகும். எனக்கு அந்த முறையில் விருப்பமில்லை, தோலும் சவசவத்துப்போகிறது.

இனி வாசனை

24 இரவு, 150 கிராம் பட்டரை வெளியே வைத்து இளகவிடுங்கள். உப்பில்லாத பட்டர் வேண்டும். நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் உப்புள்ளது, ஆகவே பார்த்து வாங்குங்கள். அதில் துருவிய உள்ளி ஆறு பல், ஒரு தேசிக்காயின் பச்சைத் தோல் துருவல், கடுகு விழுது ஒரு மேசைக்கரண்டி, மிளகு, அரைத் தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை கறுவாத்தூள். வறுத்த கறித்தூள் பிடிக்கும் என்றால் ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம், ஆனால் பட்டரோடு தோலுக்குக் கீழே மட்டும். மேலே பூசினால் மூன்று மணி நேரச் சூட்டில் கருகிக் கசக்கும். இந்தப் பட்டரைத் தோலுக்கும் இறைச்சிக்கும் நடுவே தள்ளி, வெளியிலிருந்து உள்ளங்கையால் தடவிப் பரப்புங்கள். வெளித்தோலை அப்படியே காய விட்டுத் திரும்பப் பிரிட்ஜில் வையுங்கள்.

கோழிக்குப் போடும் சில சாமான்களை இங்கே நிறுத்திவைக்க வேண்டும். தேசிச்சாறு இரவு முழுவதும் கிடந்தால் மேல் இறைச்சி வெளுத்து மாவாகும். பச்சை அன்னாசி, பப்பாசி இரண்டிலும் இறைச்சியைக் கரைக்கும் நொதி உண்டு. இஞ்சியிலும் உண்டு, ஆகவே இஞ்சி கொஞ்சமாக. அன்னாசி வேண்டுமென்றால் பக்கத்தில் வதக்கி வையுங்கள், நல்ல சேர்க்கை. தேன், சீனி, சோயா சோஸ் எல்லாம் கடைசி இருபது நிமிடத்துக்கு.

வயிற்றுக்குள் ஸ்டபிங் எனும் பாண் கலவையை அடைப்பதையும் முதல் தடவை விட்டுவிடுங்கள். பறவை வெந்தபோது நடுவில் இருக்கும் பாண் வெந்திருக்காது. அது வேகும்வரை விட்டால் நெஞ்சு காய்ந்துவிடும். பாண் துண்டு, வெங்காயம், கஜு, பிளம்ஸ், நறுக்கிய ஈரல் என்று தனித் தட்டில் வேகவைத்தால் மேலே மொறுமொறு என்றும் வரும். குழிக்குள் வாசனைக்கு ஒரு வெங்காயம், பிழிந்த தேசிக்காய் மூடி, கறுவாப் பட்டை, இரண்டு துண்டு ரம்பை இலை. இறுக்கி அடைக்காதீர்கள், சூடான காற்று உள்ளே போக வேண்டும்.

25 காலை

ஓவனை 165 பாகை செல்சியஸுக்கு முன்கூட்டியே சூடாக்குங்கள். பறவையைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து, தோலுக்கு மெல்லிதாக எண்ணெய் தடவி, சிறகு நுனிகளை முதுகுக்குக் கீழே மடக்கி, கால் இரண்டையும் பருத்தி நூலால் தளரக் கட்டுங்கள். நைலோன் நூல் உருகும். தட்டில் கம்பி வலை இல்லாவிட்டால் தடிப்பாக வெட்டிய கரட், வெங்காயம், செலரித் தண்டை அடுக்கி அதன்மேல் வையுங்கள். அடியில் இரண்டு கப் தண்ணீர். வழியும் சாறு கருகினால் கிரேவி கசக்கும். கால் பக்கம் ஓவனின் பின்புறம் போகட்டும், பெரும்பாலான ஓவன்களில் அங்கேதான் சூடு அதிகம், தொடைக்கும் அதுதான் வேண்டும்.

ஐந்து கிலோவுக்கு இரண்டே முக்கால் முதல் மூன்று மணி நேரம். ஒரு மணிக்குச் சாப்பாடு என்றால் ஒன்பது மணிக்கு உள்ளே போனால் சரி. நெஞ்சு நன்றாகச் சிவந்ததும் அதன்மேல் மட்டும் அலுமினியத் தாளைத் தளரப் போடுங்கள். அரை மணிக்கொரு தரம் கதவைத் திறந்து சாறு ஊற்றுவது வேண்டாத வேலை. ஊற்றுவது உள்ளே போகாது, சூடுதான் வெளியே போகும். சின்ன ஓவனில் இழந்த சூடு திரும்ப வர நேரம் எடுக்கும்.

வெந்ததா என்பதை நிறத்தை வைத்தோ மணிக்கூட்டை வைத்தோ தீர்மானிக்க முடியாது. குத்திப் பார்க்கும் இறைச்சி வெப்பமானி ஒன்று வாங்குங்கள். வான்கோழியின் விலையோடு பார்த்தால் அது பெரிய காசில்லை. ஓவனில் வைத்து இரண்டு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆனதும் முதல் தடவை பாருங்கள். தொடையும் உடம்பும் சேரும் இடத்தில், தொடையின் தடித்த பகுதியில் ஊசியை இறக்குங்கள். எலும்பில் முட்டினால் அளவு பொய்யாகும், கொஞ்சம் வெளியே இழுத்துத் திரும்பக் குத்துங்கள். அப்புறம் நெஞ்சின் நடுவில். இரண்டிலும் 74 பாகை வந்துவிட்டால் வெளியே எடுங்கள். வெந்ததைக் காட்டவென்று சில பறவைகளில் குத்தியிருக்கும் பிளாஸ்டிக் பொத்தான் மேலே கிளம்பும் வரை காத்திருந்தால் நெஞ்சு வறண்டுபோகும்.

நடுவில் கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் பொறுங்கள். கெதியில் வராது என்று தெரிந்தால் பறவையைத் துண்டுகளாக வெட்டி காஸ் அடுப்பில், மூடிய பெரிய சட்டியில் வேகவைத்து முடித்துவிடுங்கள். பாதி வெந்த இறைச்சியை வைத்துக்கொண்டு காத்திருப்பது கூடாது. ஓவனே இல்லாதவர்கள் அக்கம்பக்கத்துப் பேக்கரியில் போறணையைக் கேட்டுப் பார்க்கலாம். டிசம்பர் நடுவிலேயே பேசிவைக்க வேண்டும், கேக் வேலையில் அவர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. உப்பும் பட்டரும் போட்டு ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள், வெப்பமானியையும் மறக்காமல்.

வெளியே எடுத்ததும் வெட்டாதீர்கள். அரை மணி நேரம் அப்படியே இருக்கட்டும். இறுக்கி மூடினால் ஆவி பட்டுத் தோல் நமுத்துப்போகும்.

அந்த அரை மணி கிரேவிக்கு. கழுத்து, கற்குடல், இதயம் இவற்றை வெங்காயம், மிளகோடு காலையிலேயே ஒரு லீற்றர் தண்ணீரில் மெல்லத் தீயில் கொதிக்கவிட்டிருப்பீர்கள். தட்டுச் சாற்றை வடித்து, மேலே மிதக்கும் கொழுப்பில் மூன்று மேசைக்கரண்டி மட்டும் சட்டிக்கு எடுத்து, அதில் மூன்று மேசைக்கரண்டி கோதுமை மா போட்டு நிறம் மாறும்வரை வறுங்கள். தட்டுச் சாறும் எலும்புத் தண்ணீரும் கொஞ்சங்கொஞ்சமாக. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துத்தான் போட வேண்டும். சாற்றிலேயே போதுமான உப்பு இருக்கும், பல நேரம் எதுவும் தேவைப்படாது. பிழிய வேண்டிய தேசிச்சாறு இங்கே சில துளி.

வெட்டும்போது முதலில் காலை மூட்டோடு பிரியுங்கள், பிறகு நெஞ்சு முழுவதையும் எலும்பிலிருந்து ஒரே துண்டாக எடுத்துப் பலகையில் வைத்துக் குறுக்காக அரியுங்கள். பறவைமேலேயே வைத்து நீளவாக்கில் சீவுவதைவிட இது சுகம், ஒவ்வொரு துண்டிலும் தோலும் வரும்.

மிச்சத்தை மேசையில் பின்னேரம் வரை விடக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் கடுமையாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள், எலும்பிலிருந்து கழற்றிச் சின்னப் பெட்டிகளில் பிரிட்ஜுக்கு. மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள் இருக்கும். 26ஆம் திகதி அதைத் திரும்ப ஓவனில் சூடாக்கினால் காய்ந்துபோகும். கொத்து ரொட்டிக்கு நல்லது, தேங்காய்ப்பால் விட்ட கறிக்கும் நல்லது. எலும்புக்கூட்டை உடைத்து மிளகு, உள்ளி, மல்லி தட்டிப்போட்டு ரசம் வையுங்கள். கேக்கும் பட்டரும் தின்று களைத்த வயிற்றுக்கு அன்று அதைவிட வேறொன்றும் இறங்காது.